ஹாஜியார் பேரில் நட்ட பப்பாசி

அந்த வெள்ளிக்கிழமை காலை, கல்முனையில் எங்கள் விவசாய அலுவலகக் கதவைத் திறக்க முன்பே இரண்டு பேர் காத்து நின்றார்கள். ஆளுக்கொரு பப்பாசி இலை கையில். மஞ்சள் படிந்து, நூல் நூலாகச் சுருங்கிய இலைகள். பார்த்தவுடனே விளங்கிவிட்டது, வளையப் புள்ளி வைரஸ்.

"நோய் புடிக்காத சாதி எண்டு செல்லித்தானே மிஸ் தந்தாங்க?" என்றார் ஒருவர்.

"ஆரு தந்த?"

"நம்மட பரீதா ராத்தா. பள்ளிவாசலடியில வச்சி ஊருக்கெல்லாம் குடுத்தாவே!"

நான் பக்கத்துத் தமிழூரான பாண்டிருப்புக்காரி, அப்போது அந்தப் பகுதியின் விவசாயப் போதனாசிரியை. பரீதா ராத்தாவுக்கு மூன்று ஹைபிரிட் பப்பாசிக் கன்றுகள் கொடுத்தவளே நான்தான். அந்தத் தெருவில் மற்ற வீட்டு வளவுகளின் பப்பாசியெல்லாம் வைரஸில் போக, அவருடைய மூன்றும் நின்று காய்த்தன. கணவர் ஹாஜியார் மௌத்தாகி அடக்கம் முடிந்ததும், அந்தப் பழங்களின் விதையைப் பால்மா பக்கெட்டுகளில் முளைக்க வைத்து, ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார். சதகத்துல் ஜாரியா, ஓயாத தருமம். அந்தப் பழத்தை மனிதன் தின்றாலும் காகம் தின்றாலும் நன்மை ஹாஜியாருக்குப் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை.

நல்ல நோக்கம். ஆனால் ஹைபிரிட் பழத்தின் விதையில் தாய் மரத்தின் குணம் அப்படியே வராது. தெரிந்தெடுத்த இரண்டு சாதிகளைச் சேர்த்து எடுக்கும் முதல் தலைமுறைக்குத்தான் நோயைத் தாங்கும் பலம் உறுதி. அதன் விதை பக்கத்து வளவு மகரந்தத்தோடு சேர்ந்து எந்தக் குணத்தோடும் முளைக்கலாம். இதை அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். கன்று கொடுத்த அன்று, "விதை எடுத்து வைக்கலாமா மிஸ்?" என்று கேட்டவர் அவர். படிவம் நிரப்பிக்கொண்டே "ஓம், ஓம்" என்றவள் நான். சரியான விசர் வேலை.

மேலதிகாரியிடம் சொன்னேன். "தரமில்லாத கன்று, புடுங்குங்க எண்டு நோட்டீஸ் ஒட்டுங்க. எங்கட பேர் வரத் தேவையில்ல" என்றார். நான் ஒட்டவில்லை. நேரே ராத்தா வீட்டுக்குப் போனேன்.

கன்றுகளையெல்லாம் பிடுங்க வேண்டும் என்றேன். கேட்டதும் அவர் முகம் செத்துப்போனது.

"அவருக்குப் போற நன்மைய நானே வேரோட புடுங்கோணுமா மிஸ்?"

"பிழை என்ட ராத்தா. நீங்க கேட்டீங்க. நான் கவனிக்காம ஓம் எண்டுட்டன்."

"படிச்ச ஆள் எண்டுதானே ஒங்கட்டக் கேட்ட!" கத்திவிட்டு அழுதார். கத்தட்டும் என்று நின்றேன்.

கொஞ்சம் அடங்கியதும், "புடுங்காம உட்டா?" என்று கேட்டார்.

"சின்னப் பூச்சி ஒண்டு இரிக்கி. அது இந்த நோயை மத்த வளவுக்கெல்லாம் கொண்டு போகும்."

முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நன்மை அவருட பேருல போகுமெண்டா, இந்தக் கேடும் அவருட பேருலதானே போகும்? எழும்புங்க மிஸ்."

இரண்டு நாள் வீடு வீடாக ஏறினோம். ராத்தா மன்னிப்புக் கேட்க வாயெடுக்க முன்பே, "பிழை என்னோடது" என்று நான் சொல்லிவிடுவேன். சிலர் தேத்தண்ணி தந்தார்கள். ஒருவர் எங்களை வாசல் படலையோடு திருப்பினார், பின்னேரம் அவரே மரத்தைப் பிடுங்கிப் புதைத்தாராம்.

நாற்பது வயதுக்குள் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருந்தேன், படலையில் நின்று "நான் பிழை விட்டேன்" என்று சொல்ல மட்டும் யாரும் பழக்கவில்லை. பயிற்சிக்கு வந்த பிள்ளைகளே, நீங்கள் உத்தியோகத்தில் சேர்ந்தால் கன்றின் பெருமையைப் பிறகு ஆறுதலாகச் சொல்லலாம். அதால் என்ன முடியாது என்பதை முதலில் சொல்லுங்கள். கேட்கிறவர் அதை எதற்காகக் கேட்கிறார் என்றும் கேளுங்கள்.

கடைசி வீட்டு மரம் நோயோடும் நாலு காய் பிடித்திருந்தது. வெட்ட ராத்தாவுக்குக் கை வரவில்லை. கத்தியை நான் வாங்கினேன்.

"பொறுங்க மிஸ்" என்று மரத்தில் கை வைத்தார். "அல்லாஹ்ட பேரால நான் பிஸ்மி செல்றன், நீங்க வெட்டுங்க."

அவர் சொன்னார். நான் வெட்டினேன்.