கவராயம் போட்ட வட்டம்

2025 நவம்பர் 8, சனிக்கிழமை. காலை 6.10க்கு எழுந்தேன். தேநீர், பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர், இரண்டு முறை துணி துவைப்பு. 10.20க்கு எஸ்-பான் நகர ரயிலில் ஹம்பேர்க் பிரதான நிலையத்துக்குப் போய், பக்கத்துத் தெருத் தமிழ்க் கடையில் கறிவேப்பிலையும் சிவப்பரிசி மாவும் வாங்கினேன். மூன்று மணிக்குத் துஷி வீட்டில் தேநீர். துஷி என் சின்னம்மாவின் மகள், என்னைவிட எட்டு மாதம் இளையவள். வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே உள்ளறையிலிருந்து அந்த ஒலி கேட்டது. சிறுவயதுக் கணினி விளையாட்டில் கட்டடம் ஒன்று கட்டி முடிந்ததும் ஊதும் கொம்பு: இரண்டு நீளம், ஒரு குட்டை. இருபத்தெட்டு வருடங்களுக்குப் பிறகும் என் இடது கை விரல்கள் தாமாக அசைந்தன.

துஷியும் அவள் மகள் மாயாவும் ஒரே கதிரையில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பழைய விளையாட்டை இப்போது இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாமாம். மவுஸ் துஷியின் கையில், விசைப்பலகை மாயாவின் கையில். அது என்னுடைய இடம். பதினொரு வயதுப் பிள்ளையைப் பார்த்து நாற்பத்தொரு வயதில் எனக்கு வயிறு எரிந்தது என்பதை எழுதாமல் விட்டால், மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை.

எனக்குப் பதின்மூன்று வயதானபோது, அப்பாவுடன் வேலை செய்த ஒருவர் தன் பழைய கணினியை எங்களுக்குத் தந்தார். அதனுடன் வந்தது அந்த விளையாட்டின் சீடித் தட்டு. காட்டுமக்கள், கல்மனிதர் என்று இரண்டு அரசுகள். மரம் வெட்டி, கல் உடைத்து, கோட்டை கட்டி, எதிரி வருவதற்குள் படை திரட்ட வேண்டும், அவன் நமக்காகக் காத்திருக்கமாட்டான். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி முடிந்ததும் துஷி எங்கள் வீட்டுக்கு வருவாள். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை ஒரு கதிரையில் இருவரும் இருப்போம். அதற்கு எங்கள் வீட்டில் "அரைக் கதிரை" என்று பெயர். அவள் மவுஸைப் பிடித்துப் படையை நடத்துவாள். நான் விசைகளை அழுத்துவேன். கட்டக் கொப்பியில் எந்த நிமிடத்தில் எத்தனை மரவெட்டிகள், எந்த விசைக்கு எந்தக் கட்டடம் என்று நிரல் போட்டு வைத்திருந்தேன். "ரெண்டும் ஒரு தலையோட திரியுதுகள்" என்று அம்மா சொல்வார். எனக்கு அது பெரிய பாராட்டாகப் பட்டது.

அந்த ஒக்டோபரில் துஷியின் பிறந்தநாளுக்கு ஸ்டுட்கார்ட்டிலிருந்து மாமா வந்தார். கையில் ஒரு தடித்த பெட்டி. செதில் உடம்புள்ள பெண் ஒருத்தி ஆமை மேல் நின்று ஈட்டி ஓங்கும் படம். எங்கள் விளையாட்டின் "ஏர்வைட்டெருங்", அதாவது மேலதிகப் பகுதி: மூன்றாவது அரசாகக் கடல்மக்கள், பன்னிரண்டு புதிய நிலங்கள், தண்ணீருக்கு அடியில் கட்டும் கோட்டைகள். பெப்ரவரியில் என் பிறந்தநாளுக்கு அதே மாமா கொண்டுவந்தது கம்பளித் தொப்பி. போதாக்குறைக்குச் சித்தப்பா அந்த மாதம்தான் துஷிக்குப் புதுக் கணினி வாங்கியிருந்தார். கணினியும் அவளிடம், கடலும் அவளிடம்.

பெட்டியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் படித்தது நான்தான். சிறிய எழுத்தில் ஒரு வரி: முதல் விளையாட்டு கணினியில் இருந்தால் மட்டுமே இது ஓடும். மாமாவுக்கு அது தெரியவில்லை. "படம் பெருசா இருந்தது, இதுதான் முழுசெண்டு எடுத்தனான்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், முதல் விளையாட்டின் தட்டு என்னிடம்தானே இருந்தது.

"உன்ரை தட்டை ஒரு நாளைக்குத் தா. ஏத்திப்போட்டுத் தாறன்," என்றாள் துஷி.

ஒரு நாள். ஒருமுறை ஏற்றிவிட்டால் பிறகு புதிய தட்டே போதும், என்னுடையது தேவைப்படாது. என் கணினியும் அரைக் கதிரையும் கொப்பியும்கூடத் தேவைப்படாது. இதெல்லாம் என் மனதில் ஓடி முடிவதற்குள் வாய் சொல்லிவிட்டது: "அது கீறுப்பட்டுப் பழுதாப் போச்சு."

சின்னம்மா விடவில்லை. நாளைக்குக் கொண்டுவரச் சொன்னார். மாமா முன்பு கசெற் கடையில் நின்றவர், ரயிலுக்குப் போகுமுன் பார்த்துச் சொல்லுவார் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மேசையில் தட்டைக் கவிழ்த்து வைத்தேன். ஒரு கீறல்கூட இல்லை. பள்ளிக்கூடப் பையிலிருந்து கவராயத்தை எடுத்து, பென்சில் முனையைக் கழற்றி இரண்டாவது ஊசியை மாட்டினேன். தட்டின் நடுத் துளைக்குக் கீழே அழிறப்பரை வைத்து, அதில் ஒரு முனையைக் குத்தி, மற்ற முனையால் சுற்றினேன். மூன்று வட்டங்கள், ஒன்றுக்கொன்று சரியாக அரை சென்ரிமீற்றர். கோணல்மாணலாகக் கீற எனக்குக் கை வரவில்லை.

மறுநாள் மாமா அதை யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்து, இனி இது சரிவராது என்று துஷியிடம் கொடுத்தார். அவள் விரலால் ஒரு வட்டத்தை முழுதாகச் சுற்றி வந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"நல்ல வடிவான வட்டம்," என்றாள். அவ்வளவுதான். தட்டை என்னிடமே தந்துவிட்டாள்.

அடுத்த கிழமை, அவர்களின் கீழ்வீட்டுக் கத்ரின் தன்னிடமிருந்த முதல் விளையாட்டின் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தட்டு உள்ளே இல்லாமல் என் விளையாட்டு திறக்காது, ஆகவே எனக்குக் காட்டுமக்களும் இல்லை, கல்மனிதரும் இல்லை. அதன் பிறகு சனிக்கிழமைகளில் துஷியின் அரைக் கதிரையில் கத்ரின் இருந்தாள். இரண்டு முறை போய்ப் பின்னால் நின்று பார்த்தேன். கத்ரினுக்கு விசைகள் தெரியவில்லை. ஒவ்வொன்றையும் தேடித் தேடி அழுத்தினாள். அதற்குத் துஷி சிரித்தாள். என்னோடு ஆடும்போது அவள் அப்படிச் சிரித்ததில்லை. நான் பிழைவிட்டதே இல்லை அல்லவா?

எங்களுக்குள் சண்டை எதுவும் நடக்கவில்லை. என் கல்யாணத்துக்குச் சேலை எடுத்தவள் அவள். அவளுக்கு மாயா பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்றவள் நான். தட்டைப் பற்றி மட்டும் இருவரும் பேசியதில்லை.

இன்று மாயா திரும்பிப் பார்த்து, "பெரியம்மா, நீங்களும் சின்னனிலை இதை விளையாடினீங்களோ?" என்று கேட்டாள்.

துஷி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பெரியம்மாவோ? அவ வட்டம் கீறுறதிலை கெட்டிக்காரி."

மாயா விளங்காமல் சிரித்தாள். எனக்குக் காது சுட்டது. வழக்கமாக ஆறு மணிக்குப் புறப்படும் நான் ஐந்தேகாலுக்கே புறப்பட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நிலக்கீழறையிலிருந்த பிஸ்கற் தகரத்தைத் திறந்தேன். தட்டும் கட்டக் கொப்பியும் அப்படியே இருந்தன. தட்டை நுழைக்கத் துளையுள்ள கணினி இன்று என் வீட்டிலும் இல்லை, துஷி வீட்டிலும் இல்லை. அந்தத் தடித்த பெட்டிகள் கடைகளிலிருந்து போய்விட்டன. எங்கள் அரைக் கதிரையை அப்பா வீடு மாறும்போது தெருவோரம் வைத்துவிட்டார். கொப்பியின் நிரல்கள் மட்டும் இன்னும் சரி. மாயா துறைமுகத்துக்கான விசை தெரியாமல் மூன்று முறை தடுமாறியதைப் பின்னால் நின்று பார்த்திருந்தேன். இந்தக் கொப்பி கிடைத்தால் ஒரு மாதத்தில் அவள் என்னைவிட நன்றாக ஆடுவாள். அந்த நினைப்பில் கொப்பியை இருமுறை தகரத்துக்குள் வைத்து, இருமுறை வெளியே எடுத்தேன்.

நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. 6.10க்கு எழுந்தேன். தேநீருக்குத் தண்ணீர் வைக்குமுன், தட்டையும் கொப்பியையும் ஒரு மண்ணிற உறையில் இட்டேன். கொப்பியின் மேல் மாயாவின் பெயர். தட்டைச் சுற்றிய தாளில் துஷிக்கு ஒரு வரி: "கீறினது நான்தான், கவராயத்தாலை." 6.52 ரயிலில் போய், அவர்கள் வீட்டுத் தபால்பெட்டிக்குள் உறையைத் தள்ளினேன்.