மூன்றாம் பாகத்தை எடுத்துக்கொண்டு போனவள்

அந்த ஆள்தான் கொலைகாரன் என்று எழுதிய எழுத்தாளர் லுணுகலை பஸ் ஸ்டாண்டில் என் கண்ணில் பட்டால் சும்மா விட மாட்டேன். எட்டுப் புத்தகம் ஒருவரை நல்லவர் என்று நம்ப வைத்துவிட்டு, ஒன்பதாவதில் கழுத்தை அறுத்தால் அது என்ன நியாயம்?

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக இந்தியாவில் எழுதிய துப்பறியும் கதைகள் அவை. ஒரு மலை ஊரில் பதினாறு வயதுப் பெண்ணொருத்தி கொலைகளைக் கண்டுபிடிப்பாள். அவளுடைய அப்பாவையும் யாரோ கொன்றிருப்பார்கள். அது யார் என்பது மட்டும் தெரியாமல் புத்தகத்துக்குப் புத்தகம் தள்ளிக்கொண்டே போகும். அந்த ஊர்ப் போலீஸ் நிலையத்தில் புகார் எழுதுகிற வயதான ஏட்டு ஒருவர் இருப்பார். அவளுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுப்பார். மேசையில் வழக்குக் கோப்பைத் திறந்து வைத்துவிட்டு, "நான் வெத்திலை போட்டுட்டு வாறேன், நீ எதையும் பாக்காதே" என்று சொல்லி வெளியே போவார். அந்த இடம் வருவதற்காகவே நாங்கள் ஒவ்வொரு புத்தகத்துக்கும் காத்திருந்தோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். நான், என் அண்ணன் மனைவியான மதினி, தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எங்கள் பக்கத்துக் காம்பராவில் இருந்தவள். மூன்று பேருமே முப்பதைத் தாண்டியவர்கள், கொழுந்து பறிக்கிறவர்கள், பிள்ளை பெற்றவர்கள். முதல் புத்தகம் என் மகளுக்குப் பள்ளியில் பரிசாகக் கிடைத்தது. அவள் பத்துப் பக்கத்தில் மூடி வைத்துவிட்டாள். நான் எடுத்தேன், விடவில்லை. கொழுந்து நிறுக்கக் காத்திருக்கும்போதுகூட நாங்கள் படிப்பதைப் பார்த்துக் கங்காணி ஒருநாள் கேட்டார்.

"என்ன, மூணு பேரும் ஸ்கூல்ல சேரப் போறீங்களா?"

பக்கத்துக் காம்பராக்காரிதான் பதில் சொன்னாள். "ஆமாங்க ஐயா. ஒங்க பேரையும் எழுதிக் குடுக்கவா? ஒண்ணாங் கிளாசுல எடம் இருக்காம்."

புத்தகம் ஒன்று, ஆள் மூன்று. ஒருத்தி முடிக்கும்வரை மற்ற இருவரும் காத்திருக்க முடியாது. அதனால் இரண்டாம் புத்தகத்திலிருந்து ஒரு வேலை செய்தோம். பிளேடால் தையலை வெட்டி, புத்தகத்தை மூன்றாகப் பிரித்துவிடுவோம். முதலாமவள் முதல் பாகத்தை முடித்ததும் அதை இரண்டாமவளுக்குக் கொடுத்துவிட்டு அடுத்த பாகத்துக்குப் போவாள். எல்லாரும் முடித்த பிறகு கோணி ஊசியால் மறுபடி தைத்து வைப்போம். யார் முதலில் படிப்பது என்பது முறை வைத்து மாறும். சட்டம் ஒன்றே ஒன்று. முடித்தவள், மூன்றாமவள் முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை, மலைத்தண்ணீர் கொட்டுகிற பீலியில் துணி துவைத்துக்கொண்டே மூவரும் சண்டை போடுவோம். அவள் ஏன் அப்படிச் செய்தாள், இவன் ஏன் ஓடினான் என்று தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் கத்துவோம். உண்மையில் அந்தச் சண்டைக்காகத்தான் படித்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

ஒன்பதாவது புத்தகத்தின் அட்டையிலேயே இதுதான் கடைசி என்று போட்டிருந்தது. என் முறை முதலில். பக்கத்துக் காம்பராக்காரி இரண்டாவது, மதினி மூன்றாவது. ஒரு ஞாயிறு மத்தியானம் மூன்றாம் பாகத்தை முடித்தேன். அப்பாவைக் கொன்றது அந்த ஏட்டு. டீ வாங்கிக் கொடுத்ததும் கோப்பைத் திறந்து வைத்ததும் அவள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்று பார்ப்பதற்காக.

அந்தப் பக்கத்தை நான்கு தடவை படித்தேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து நாறியது. எழுந்து போய்ச் சட்டியை இறக்கிவிட்டு, வாசலில் நின்று காறித் துப்பினேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு கதைக்குக் ஆத்திரம் வருமா என்று கேட்காதீர்கள். வந்தது.

பக்கத்துக் காம்பராக்காரி அப்போது இரண்டாம் பாகத்தில் இருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"அக்கா, என்ன மூஞ்சி இது? அந்தப் புள்ள செத்துருச்சா?"

"போடி, வேலையப் பாரு."

"செத்துருச்சுன்னா இப்பயே சொல்லிருங்க. நான் படிக்கல."

"சாகல."

"அப்ப அந்த ஏட்டய்யாவுக்கு என்னமும் ஆயிருச்சா? ஐயோ, அவர் மட்டும் சாகக் கூடாது, சொல்லிட்டேன்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் பாகத்தை அவள் கையில் திணித்தேன். வாயைத் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஏஜென்சியிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. குவைத்தில் வீட்டு வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம். அடுத்த மாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், வியாழக்கிழமை விமானம் என்றார்கள். இரண்டே நாள். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். மகனுக்கு ஏழு வயது. இன்னும் அவனிடம் சொல்லவே இல்லை.

அந்த இரண்டு நாளும் கோயில், பெட்டி, மகனின் அழுகை என்று போனது. புத்தகத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. மூன்று பேரும் சேர்ந்து முடிக்கப் போவதில்லை, பீலியில் சண்டை கிடையாது என்று மட்டும் எனக்குள் ஓடியது. அதை வெளியே சொன்னால் செருப்பால் அடிப்பார்கள். வியாழக்கிழமை காலை வேன் வந்தது. அவள் எல்லாரையும் கட்டிப்பிடித்து அழுதாள், ஏறினாள், போய்விட்டாள்.

அன்று பின்னேரம் அவளுடைய அம்மா இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்து மதினியிடம் கொடுத்தார்.

"மத்தது எங்கம்மா?" என்றார் மதினி.

"இதுதான் இருந்துச்சு. தலகாணிக்கு அடியில எல்லாம் பாத்துட்டேன்."

மதினிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "எடுத்துட்டுப் போயிட்டாளா?"

எங்கள் மூவரில் யாரும் மற்றவரின் முறையில் கை வைத்ததே இல்லை. அடுத்த நாளே பதுளைக்குப் போய்ப் புத்தகக் கடையில் கேட்டேன். கடைக்கார முஸ்லிம் நானா தலையை ஆட்டினார். "வந்ததே கொஞ்சம் தங்கச்சி. திரும்ப வராது. அது முடிஞ்ச கதைதானே."

மதினி இரண்டாம் பாகத்தை முடித்துவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்தார். "நீ சொல்லு. யாரு?"

சொன்னேன்.

"வாயக் கழுவு," என்றார். "அந்த மனுசனா? ஒனக்கு அவ மேல கோவம். அத என்கிட்ட காட்டுற."

"நான் எதுக்கு மதினி பொய் சொல்லணும்?"

"ஒனக்கு யாரு நல்லவனா இருந்தாலும் புடிக்காது. எனக்குத் தெரியும்."

அதோடு பேச்சு நின்றது. ஒரே மலையில் கொழுந்து பறித்தோம், ஒரே பீலியில் துணி துவைத்தோம். மூன்று வாரம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. முப்பத்தாறு வயதில் ஒரு கதைக்காகப் பொய்க்காரி ஆனேன்.

நாலாவது வெள்ளிக்கிழமை வாட்ஸப்பில் அவள் கூப்பிட்டாள். வேலைக்குப் போன வீட்டில் அன்றைக்குத்தான் போனைக் கையில் கொடுத்தார்களாம். நான் போனைத் தூக்கிக்கொண்டு மதினியின் காம்பராவுக்கு ஓடி, சத்தத்தைக் கூட்டி நடுவில் வைத்தேன்.

எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்பதற்குள் அவள் கத்தினாள். "அக்கா! அவனாக்கா! அந்த ஏட்டு! தெரிஞ்சுகிட்டே எப்பிடிக்கா என் மூஞ்சியப் பாத்தீங்க?"

மதினி என்னைப் பார்த்தார். தண்ணீர்ச் செம்பை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"எதுக்குடி எடுத்துட்டுப் போன?" என்றேன்.

"தெரிஞ்சுதான் எடுத்தேன். யாருமே தெரியாத எடம். தெரிஞ்ச ஆளு ஒண்ணு ரெண்டாவது கூட இருக்கட்டும்னு நெனச்சேன். வந்து பிரிச்சுப் பாத்தா அவனே கொலகாரன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மூவரும் சிரித்தோம். பிறகு அவள் வாசித்தாள். துணி காயப்போடும் மாடியில் நின்றுகொண்டு, மேடத்துக்குக் கேட்டுவிடுமோ என்று குரலைத் தாழ்த்தி, கடைசி அத்தியாயத்தை மதினிக்காக வாசித்தாள். எனக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் அவள் குரலில் ஏட்டின் பெயர் வந்த இடத்தில் நான் வாசலுக்குப் போய் மறுபடி துப்பிவிட்டு வந்தேன். மதினி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் தானே போய் அவரைப் பிடித்துக் கொடுத்துவிடுகிறாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். அவ்வளவுதான்.

"நான்னா குடுத்திருக்க மாட்டேன்," என்றாள் அவள். "எத்தன வருசம் டீ வாங்கித் தந்த மனுசன்."

"டீக்கு அப்பன விக்கச் சொல்றியா?" மதினி போனைப் பார்த்துப் பாய்ந்தார்.

"நீங்க பேசாதீங்க மதினி, நேத்து வரைக்கும் அவன் நல்லவன்னு அக்காகிட்ட சண்ட போட்டது நீங்கதானாம், இப்பத்தான் அம்மா போன்ல சொன்னாங்க."

"ரெண்டு பேரும் முட்டாளுங்க," என்றேன் நான். "அவன அந்த எழுத்தாளர் வேணும்னே கெடுத்துட்டார்."

மூவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். குவைத்தில் அவள் குரலைத் தாழ்த்த மறந்துவிட்டாள். யாரோ அதட்டும் சத்தம் கேட்டது.

"மேடம் கூப்புடுது. வைக்கிறேன்." பிறகு மெதுவாகக் கேட்டாள். "அடுத்த வெள்ளிக்கிழம எடுத்தா என்னக்கா பேசுறது? இனி புக்கும் இல்லயே."

பத்து வருஷம் பக்கத்துக் காம்பராவில் இருந்தும், அந்தப் புத்தகங்கள் இல்லாமல் நாங்கள் என்ன பேசியிருக்கிறோம் என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அதுதான் எனக்கு ஏட்டைவிடப் பெரிய அதிர்ச்சி.

"மொதல்ல நீ எடுடி," என்றேன்.