கன்னத்துச் சூட்டின் படம்

கல்யாணமாகி வடக்கனந்தலுக்கு வந்த இரண்டாவது மாதம் என் வலது கன்னத்தில் அரிப்பு தொடங்கியது. பிறகு கழுத்துக்கு இறங்கி, தோளிலும் தடிப்புத் தடிப்பாகச் சிவந்தது. கரும்புச் சோகை இலை பட்டிருக்கும் என்றார் கணவர். நான் கரும்புக் கொல்லைப் பக்கமே போனதில்லை.

மாமியார் வேறு மாதிரி நினைத்தார். "பொண்ணு பாக்கப் போனப்பவே பவுடரை ஜாஸ்தியா பூசிக்கினு இருந்தா. ஏதோ வியாதிய மறைச்சிட்டாங்க" என்று அடுப்படியில் நாத்தனாரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து என் தட்டும் டம்ளரும் தனியாகக் கழுவப்பட்டன.

எனக்கு நாத்தனார் மேல்தான் சந்தேகம். அவள் கொடுத்த முகக் கிரீமைப் பூசிய பிறகுதான் இது வந்தது. அவள் சிரித்துப் பேசினால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். கிரீமை நிறுத்தியும் அரிப்பு நிற்கவில்லை. அம்மா வீட்டில் போய் இருந்தால் தணியும். திரும்பி வந்தால் மறுபடி எரியும். வேலைக்குப் பயந்து நடிக்கிறேன் என்றார் மாமியார். இந்த வீட்டில் யாரோ எனக்கு எதையோ செய்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்பினேன்.

கடைசியில் கணவர் என்னைக் கள்ளக்குறிச்சியில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார். எது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, அவர் என் முதுகில் பல பொருள்களைத் தடவிச் சின்னச் சின்ன ஒட்டுகளாகப் போட்டார். கையோடு கொண்டுபோன கிரீமையும் ஒன்றில் வைக்கச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து ஒட்டுகளைப் பிரித்தவர், ஒரு கேமராவை எடுத்தார். நான் சட்டென்று சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"இது இன்னாத்துக்குங்க? படம் எங்க போவும்?"

"இது சூட்டைத்தான்மா படம் பிடிக்கும். அலர்ஜி வந்த இடம் சுத்தியிருக்கிற தோலைவிட சூடா இருக்கும். கண்ணால பாக்கறதோட இதையும் வச்சுப் பாத்தா இன்னும் தெளிவா தெரியும்."

தன் உள்ளங்கையைப் படமெடுத்துக் காட்டினார். ஆரஞ்சு நிறத்தில் ஐந்து விரல்கள், ரேகைகூடத் தெரியவில்லை. அப்படியும் நர்ஸைக் கதவருகே நிற்க வைத்த பிறகுதான் சம்மதித்தேன். முதுகையும் கன்னத்தையும் எடுத்தார்.

திரையில் என் முதுகு பச்சையும் நீலமுமாக இருந்தது. ஒரே ஒரு இடம் மட்டும் சிவப்பாக எரிந்தது. அது கிரீம் வைத்த இடமில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

"தலைமுடி டையில இருக்கிற மருந்து இது. டை அடிக்கிறியாம்மா?"

"எனக்கு எதுக்குங்க டை?"

"பக்கத்துல படுக்கிறவங்க யாராவது? அவங்க முடி உரசினாலே போதும்."

முப்பது வயது ஆளுக்கு டையா என்று சிரித்தபடி கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முடி அளவுக்கு மீறிக் கறுப்பாக இருப்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

வெளியே வந்து வண்டியருகே நின்றபோது சொன்னார்: "காலேஜ் படிக்கறப்பவே நரைச்சிடுச்சு. தெரிஞ்சா நீ வேணான்னு சொல்லிடுவியோன்னு பயம்."

"உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

அவர் வண்டியைக் கிளப்பினார். வீடு வரும்வரை நான் அவர் தோளைப் பிடிக்கவில்லை.

மறுநாளே முடியை ஒட்ட வெட்டிக்கொண்டார். சில வாரங்களில் சாம்பல் நிறத்தில் வளர்ந்தது, அழகாகத்தான் இருந்தது. டாக்டரம்மா மறுபடி என் கன்னத்தைப் படமெடுத்தார். முதல் படத்தில் இருந்த சிவப்புத் திட்டு இதில் இல்லை. இரண்டையும் செல்போனில் வாங்கி வந்து மாமியாரிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "படத்துல தெரியாத வியாதி எத்தினியோ இருக்குது" என்றார்.

இப்போதும் கணவர் சலூனுக்குப் போய் வந்தால் கிட்டே போய் அவர் தலையை முகர்ந்து பார்க்கிறேன். அவரும் குனிந்து காட்டுகிறார்.