‘மைல்ட்’ என்ற ஒரு சொல்

ஆங்கிலம் தெரியாமல் இருந்திருந்தால் அன்றைக்கு நிம்மதியாக வீடு வந்து சேர்ந்திருப்பேன். பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சர், படித்துத் தொலைத்தேன்.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு மாதமாகக் குரல் கம்மியிருந்தது. போடியில் ஏலக்காய் வியாபாரம். ஏலக்காய்த் தூசிதான் காரணம் என்று சுக்குக் காப்பியாகக் குடித்துத் தள்ளினார். ஒருவழியாக இழுத்துக்கொண்டு போய்த் தேனியில் கழுத்தை ஸ்கேன் எடுக்க வைத்தேன். மறுநாள் ரிப்போர்ட்டை வாங்கப் போனதும் நான்தான்.

திரும்பும் பஸ்ஸில் பிரித்தேன். முதல் வரியில் ‘மைல்ட்’ என்றிருந்தது. தொண்டையில் லேசான தடிப்பாம். கடைசி வரிவரை படித்தேன். அந்த வரி கண்ணில் படாதபடி தாளை மடித்துக்கொண்டேன்.

பிறகு முதல் வரியையே பிடித்துக்கொண்டு தொங்கினேன். அதிர்ந்து பேசாத ஆள் மைல்ட். காரம் குறைந்த குழம்பு மைல்ட். சாரல் நாளில் அடிக்கும் இளவெயில் மைல்ட். தலைமையாசிரியர் முட்டி போடச் சொல்லாமல் திட்டோடு விட்டால் அந்தத் தண்டனையும் மைல்ட். ஜென்டில், சாஃப்ட், லைட் என்று இணைச்சொற்கள் வேறு. ஒன்றிலாவது கெட்டது உண்டா? பயந்தவளுக்கு டிக்‌ஷனரியும் சாமிதான்.

நேராக வீட்டுக்காரரின் ஏலக்காய்க் கடைக்குப் போனேன். “என்ன போட்டிருக்காக?” என்றார்.

“மைல்டுதாங்க. அப்படின்னா லேசா, மெதுவா, பட்டும் படாம...” நிறுத்த முடியாமல் அடுக்கினேன்.

மூட்டை வந்தால் மேலே பச்சைப்பசேலென்று கிடக்கும் காயைப் பார்த்து அவர் விலை பேசமாட்டார். முழங்கைவரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

“டீச்சரம்மா, ஒரு சொல்லுக்கு இம்புட்டு விளக்கமா? நல்ல காய எல்லாரும் மேலதான் போட்டு வப்பாக. அந்த மடிப்ப விரி.”

விரித்தேன். “புத்துநோயா இருக்குமோன்னு சந்தேகமாம். மதுரைக்குப் போயி சதை எடுத்துப் பாக்கணும்னு போட்டிருக்காக. எனக்குப் பயமா இருக்குங்க.”

கேலி செய்து என்னைத் தேற்றுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்துபோய்க் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“எனக்கும் பயமாத்தான் இருக்கு. நாளைக்கு லீவு சொல்லிரு. தனியாப் போக மாட்டேன்.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பயம் என்று சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான்.