நட்சத்திரம் தெரிய வேண்டிய கூரை

செங்கல் வீடும் சூடாக்கியும் பெரிய சாப்பாட்டு மேசையும் உள்ள ஒரு குடும்பம், ஒக்டோபர் குளிரில் அந்த மேசையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்வளவில் கொட்டில் போட்டுச் சாப்பிடுகிறது என்றால் ஊரிலிருந்து வாசிக்கிற நீங்கள் நம்புவீர்களா? டொரொன்டோவில் அவர்களுடைய பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்த நானே நம்பவில்லை. என் சின்ன யன்னலால் வீட்டுக்காரி ரூத்தின் கால்கள் போவதும் வருவதுமாகத் தெரிந்தன. மேலே போய் விசாரித்தேன். ரூத் யூதப் பெண், பள்ளிக்கூட ஆசிரியை, என் வயதுதான் இருக்கும். ஏழு நாள் திருநாளாம், கொட்டிலுக்குள்தான் சாப்பாடாம். பலகைச் சுவருக்கு மேலே எட்ட எட்டப் பரப்பிய கிளைகள், அவற்றுக்கிடையே முழு வானம். ஐயோ பாவம், இதுகளுக்குக் கூரை வேயத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. டொரொன்டோவிலேயே வோபர்ன் பக்கம் இருந்த அண்ணை என்னை முதலில் கூப்பிட்டுவிட்டார். சுகமில்லாத தாயைத் தனியே விட்டுவிட்டு வரமாட்டேன் என்று என் கணவர் ஊரிலேயே நின்றுவிட்டார். பிறகு சண்டையில் ஊரே இடம்பெயர்ந்தது. அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. அண்ணைக்கு ஓயாமல் போன் எடுப்பேன். "ஒண்டும் தெரியேல்லை பிள்ளை. தெரிஞ்சா சொல்லாமல் இருப்பனே?" என்று எரிந்து விழுவார். இங்கே மழை பெய்தாலே எனக்குப் பைத்தியம் பிடிக்கும். அங்கே என் மனிசனுக்கு மேலே என்ன கூரை கிடக்குதோ என்று நெஞ்சு பதறும். பிள்ளையாரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பதில் வராவிட்டால் நேர்ந்த தேங்காய்களைக் கூட்டுவேன். அவரும் அசைகிற பாடாயில்லை.

திருநாள் தொடங்குகிற அன்று பின்னேரம் வானம் கறுத்தது. ரூத் வெளியே போயிருந்தாள். வருசா வருசம் தென்னோலைக் கிடுகு வேய்ந்த வீட்டில் பிறந்தவள் நான், சும்மா இருப்பேனா? ஏணியில் ஏறிக் கிளைகளை நெருக்கி அடுக்கி, அதற்கு மேலே கராஜில் கிடந்த நீலத் தறப்பாளை இழுத்து நாலு மூலையும் கட்டினேன். ஒரு சொட்டு இறங்காது. பெருமையோடு இடுப்பில் கைவைத்து நின்றேன். வந்த ரூத்துக்கு முகம் வெளிறிவிட்டது. "தேவி, இதற்குக் கீழே நாங்கள் இருக்க முடியாது" என்றாள். மழை வரப்போகிறதே என்றேன். "வரட்டும். மழை உள்ளே வரவேண்டும், நட்சத்திரம் தெரியவேண்டும். இல்லாவிட்டால் அது எங்கள் கூரையே இல்லை." பொழுது பட்டால் ஏணி, கயிறு எதையும் தொடக்கூடாதாம். இருவருமாக அவசர அவசரமாகப் பிரித்தோம்.

கயிற்றை அவிழ்க்க அவிழ்க்க எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. ஏணியில் நின்றபடி தமிழிலேயே கத்திவிட்டேன். "உங்களுக்கு உது விளையாட்டு! என்ரை மனிசன் எங்கை நனைஞ்சுகொண்டு கிடக்கிறாரோ! ஒழுகாத கூரைக்கு அங்கை சனம் ஏங்கிச் சாகுது, நீங்கள் ஒழுகிற கூரை தேடுறியள்!" அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனால் ஏணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி நான் அழுது முடியுமட்டும் நின்றாள். பிறகு, இரவு எங்களோடு சாப்பிடு என்றாள்.

குளிர்கோட்டோடு போய் உட்கார்ந்தேன். மெழுகுவர்த்தி, சூப், ரூத், அவள் கணவர், மேசைத் தலைப்பில் ஒரு வெறுங்கதிரை. தங்கள் சனம் வீடில்லாமல் பாலைவனத்தில் நாற்பது வருசம் அலைந்ததாம். அன்றைக்குக் காத்தது சுவரோ கூரையோ இல்லை என்பதை மறக்காமலிருக்கத்தான் வருசத்தில் ஏழு நாள் இப்படியாம். அந்த ஏழு நாளும் சந்தோசமாக இருக்க வேண்டும் என்பது கடவுளின் கட்டளையாம். சந்தோசத்துக்குமா கட்டளை என்று கேட்டேன். "எல்லாம் சரிவந்த பிறகு சந்தோசப்படு என்று அவர் சொல்லவில்லை. இன்றைக்கு, இருக்கிறதோடு" என்றாள். சூப் பழுதாகிற அளவுக்கு மழை கொட்டினால் மட்டும் உள்ளே போகலாமாம். அந்த மட்டில் இரக்கமுள்ள கடவுள்தான்!

வெறுங்கதிரை விருந்தாளிக்காம். ஒவ்வொரு இரவும் ஒரு மூதாதையரை அழைப்பார்கள். அன்று ஆபிரகாமின் முறை. அழைத்துவிட்டு ரூத் என்னைப் பார்த்து, "உன் கணவரின் பெயர் என்ன?" என்றாள். சிவநேசன் என்றேன். அவள் எழும்பி வாசலைப் பார்த்து, அந்தப் பெயரை நாக்குத் தடுக்கத் தடுக்கச் சொல்லி, "வாருங்கள், இருங்கள்" என்றாள். தூறல் என் கோப்பைக்குள் விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன், கிளைகளுக்கிடையே முகில் விலகி ஒரேயொரு நட்சத்திரம். அவர் இருக்கிறாரா என்பது அப்போதும் தெரியாதுதான். ஆனால் கனகாலத்துக்குப் பிறகு எனக்குப் பசித்தது. அன்றிரவு பிள்ளையாரிடம் பேரம் பேசாமல், "நீ பார்த்துக்கொள் அப்பனே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

மார்கழியில் அண்ணை போனில் கத்தினார்: "மனிசன் இருக்கிறாரடி! வன்னியிலை, தாயோடை, ஒரு கொட்டிலுக்கை!" மாமி அங்கேயே கண்மூடிய பிறகுதான் அவர் இங்கே வந்துசேர்ந்தார். வந்த வருசமே ரூத் எங்களைத் திருநாளுக்குக் கூப்பிட்டாள். "கொட்டிலிலை இருந்தது காணாதே?" என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தார். ரூத் அந்தக் கதிரையைக் காட்டி, "இது உங்களுடையது. முன்பே ஒருமுறை கூப்பிட்டிருக்கிறேன்" என்றாள். என்னைப் பார்த்தார். அதில் உட்கார்ந்தார். சாப்பாட்டின் நடுவில் தூறத் தொடங்கியது. நான் நட்சத்திரம் தெரியுமா என்று அண்ணாந்தேன். அவர் மேலே பார்க்கவேயில்லை. ரூத்தோடு எதையோ பேசிக்கொண்டே, தன்னை அறியாமல் கையை நீட்டி, என் கோப்பைக்கு மேலே கூரையாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.