தவிட்டுக்கு வாங்கிய சரோஜா

எங்கள் வீட்டு அலமாரியின் மேல் ஒரு காலி மைலோ பவுடர் டின் இருக்கிறது. ஈப்போவில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீடு எவ்வளவு தாராளமானது என்றால், ஒரு சாமான் உள்ளே வர வேண்டுமானால் இன்னொரு சாமான் வெளியே போக வேண்டும். நானோ மோட்டார்சைக்கிள் பட்டறைக்காரன். நட்டும் போல்ட்டும் போட்டு வைக்க மூடியுள்ள டின் ஒன்று கிடைத்தால் புதையல் கிடைத்த மாதிரி. ஆனால் அந்த டின்னில் கை வைக்க எனக்கு அனுமதி இல்லை. அடியில் துரு, மூடியில் ஒரு நசுக்கல், உள்ளே ஒன்றும் கிடையாது. ஒரு காலத்தில் உள்ளே கோழித் தவிடு இருந்தது. அந்தத் தவிட்டுக்குத்தான் என் மகளை நாங்கள் விற்றோம்.

வாங்கியது என் அத்தை, அப்பாவின் தங்கை. சுங்கை சிப்புட் பக்கத்தில் ரப்பர் எஸ்டேட்டில் பிறந்து, அங்கேயே பால் மரம் சீவி, கம்பெனிக்காரன் எஸ்டேட்டை விற்று அங்கே வரிசை வீடுகள் எழுந்த பிறகு அதே மண்ணில் ஒரு சின்ன வீட்டில் கோழி வளர்த்துக்கொண்டு, தினமும் கப்சாய் என்கிற சின்ன மோட்டார்சைக்கிளில் டவுனுக்கு வேலைக்குப் போய் வருபவள். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "வரவேண்டியவனுக்குக் குடுத்து வைக்கல, நான் என்னா செய்ய?" என்பாள். அந்த கப்சாய்க்கு என்ஜின் ஆயில் மாற்றும் வேலை பதினைந்து வயதிலிருந்து என்னுடையது. படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்ட என்னை, "போவட்டும்லா, எல்லாரும் டாக்டரானா மோட்டாரு யாரு ரிப்பேர் பண்றது?" என்று சொல்லிக் காப்பாற்றியவள் அவள் ஒருத்திதான்.

அத்தையின் பெயர் குப்பம்மா. என் அப்பாவுக்குப் பிறகு, அவளுக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகள் அடுத்தடுத்துப் போய்விட்டதால், அவள் பிறந்ததும் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் இருந்த குப்பை மேட்டில் ஒரு நிமிடம் கிடத்திவிட்டு, பக்கத்து வீட்டுக்காரி பொறுக்கி எடுத்து வந்து கொடுத்தாளாம். வேண்டாம் என்று எறிந்த பிள்ளை, அழகில்லாத பேர், இதையா எமன் தூக்கிக்கொண்டு போகப் போகிறான்? அதுதான் கணக்கு. கணக்கு தப்பவில்லை. அதற்குப் பின் பிறந்தவர்களும் தங்கினார்கள், அத்தையும் கல் மாதிரி இருக்கிறாள்.

இப்படி ஒரு பெயர் கையில் கிடைத்தால் நான் சும்மா இருப்பேனா? அவள் மோட்டார் சத்தம் கேட்டாலே, "முனிசிபல் லாரி வந்திருச்சி, மூக்கப் பொத்துங்க" என்பேன். அத்தை ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பதில் சொல்வாள். "என்னையாச்சும் பொறுக்க ஒரு ஆளு வந்திச்சிடா. உன்னைப் போட்டிருந்தா அங்கியே கெடந்திருப்ப." ஒருநாளும் அவள் கோபித்ததில்லை. கோபித்திருந்தால் நான் விட்டிருப்பேன். சிரித்தாள், அதனால் தொடர்ந்தேன்.

ஒரே ஒருமுறை மட்டும் அவள் தடுமாறி நான் பார்த்திருக்கிறேன். அவள் பின்னால் உட்கார்ந்து சுங்கை சிப்புட் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். மீன் கடைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, "ஏய் சரோஜா! எத்தன வருசமாச்சி!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். நான் சுற்றிப் பார்த்தேன். அத்தை முகம் சிவந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் தோண்டித் துருவி விஷயத்தைக் கறந்தேன். இளம்பெண்ணாக இருந்தபோது சனிக்கிழமைகளில் எஸ்டேட் லாரியில் ஏறி டவுனுக்குத் தையல் வகுப்புக்குப் போவாளாம். அங்கே பேர் கேட்டபோது, வாயில் வந்தது சரோஜா. எஸ்டேட் கிராணியாரின் மகள் பேர் அது. ஆபீஸ் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாரின் வீட்டில்தான் சன்னலுக்குத் திரை உண்டு. அந்தப் பெண்தான் பள்ளிக்கூடத்துக்குக் காலில் சப்பாத்து போட்டு வருமாம். "அந்தக் காலத்துல அதவிட ஸ்டைலான பேரு இருந்திச்சா என்னா?" என்றாள் அத்தை. லாரியில் ஏறினால் சரோஜா, திரும்பி இறங்கினால் குப்பம்மா. தையல் வகுப்பு முடிந்ததும் அந்தப் பேரும் முடிந்துபோயிற்று.

எனக்குக் கல்யாணமாகி முதல் குழந்தை வயிற்றில் தங்கியதுமே, போனில் தேடி எழுத்துக் கூட்டிப் பார்த்து, வாய்க்குள் நுழையாத ஒரு நவீனப் பேரை முடிவு பண்ணிவிட்டோம். என் மனைவி அதைக் குட்டித் தலையணை உறையில் பூத்தையல் போட்டு எழுதினாள். குழந்தை வரவில்லை. இரண்டாவதுக்கும் பேர் மட்டும்தான் மிச்சம். மூன்றாவதாக ஒரு பெண், நாள் கூடுமுன்னே பிறந்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. தாதி வந்து பேர் வைத்தாயிற்றா என்று கேட்கும்போதெல்லாம் என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பேர் வைத்தால் போய்விடும் என்று அவள் மனதுக்குள் ஒரு முடிச்சு விழுந்திருந்தது.

அவளைச் சிரிக்க வைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி வாய்தான். "பேசாம குப்பம்மான்னு வெச்சிருவோம். அத்தையப் பாரு, இந்த வயசுலயும் லாரிய முந்திக்கிட்டுப் போவுது" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்து, "வைக்கலாமா?" என்றாள்.

மோட்டார் சாவியை எடுத்தேன். நேரே அத்தை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கோழிகளுக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"ஒரு குப்பம்மா போதும்டா இந்தக் குடும்பத்துக்கு. நீ கிண்டல் பண்ணா நான் சிரிப்பேன், நீ என் அண்ணன் மவன். கிளினிக்குல பேரு கூப்பிட்டா மொத்த சனமும் திரும்பிப் பாக்கும், அதுக்குமா சிரிக்க முடியும்? அந்தப் புள்ள என்னா பாவம் பண்ணிச்சி?" பிசைந்த தவிட்டையே கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, "எப்ப வீட்டுக்கு விடுறாங்களோ சொல்லு. அன்னிக்கு நான் வாரேன்" என்றாள்.

குழந்தை எடை கூடி வெளியே வந்த அன்று, ஆஸ்பத்திரி கார் நிறுத்துமிடத்தில் அத்தை கப்சாயோடு நின்றிருந்தாள். வேலைக்குப் போகும் சட்டை, தலையில் மட்டும் மல்லிகை. மோட்டார் கூடையிலிருந்து ஒரு மைலோ டின்னை எடுத்தாள். திறந்தால் தவிடு.

"அந்தக் காலத்துல புள்ள தங்காத வீட்டுல இப்படியும் செய்வாங்கம்மா" என்று என் மனைவியிடம் சொன்னாள். "நீ பெத்தத எனக்கு வித்துரு. உன் புள்ளன்னு தேடி வர்றவன் ஏமாந்து போவட்டும்."

"கோழித் தீனிக்கா என் பொண்ண விக்கச் சொல்றீங்க?" என்றேன் நான்.

"உன் மூஞ்சிக்கு இதுவே அதிகம். தள்ளி நில்லுடா."

என் மனைவி குழந்தையைக் கொடுத்தாள். அத்தை டின்னை அவள் கையில் வைத்தாள். பிறகு குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு தன் மோட்டாரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கோயில் பிரகாரம் சுற்றுவது போல அவ்வளவு மெதுவாக. இதுவரை ஒரு பிள்ளையையும் தன்னுடையது என்று தூக்கியிராதவள் அந்த ஒரு சுற்றை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டினாள்.

"இது என் புள்ள. உங்ககிட்ட வளக்கக் குடுக்குறேன், பத்திரம்" என்று திருப்பிக் கொடுக்கப் போனவள் நின்றாள். "வாங்குனவதான் பேரு வைக்கணும், தெரியுமில்ல?"

நாங்கள் தலையாட்டினோம். அவள் குழந்தையின் காதருகே குனிந்தாள். மூன்று முறை சொன்னாள். உலகத்திலேயே ஸ்டைலான பேர் அவளுக்குத் தெரிந்து ஒன்றுதானே உண்டு.

மகளுக்கு இப்போது நான்கு வயது. பாலர் பள்ளியில் மற்ற பிள்ளைகளின் பேரெல்லாம் ஷ்ஷும் க்ஷும் கலந்து பலகாரம் பொரிகிற மாதிரி ஒலிக்க, நடுவில் சரோஜா என்று கூப்பிட்டால் பள்ளியைச் சோதிக்க வந்த மேலதிகாரி எழுந்து நிற்கிற மாதிரி இருக்கும். "பென்ஷன் வாங்குற பேரு" என்று நான் கிண்டல் பண்ணுவேன். ஆனால் என் மனைவி மட்டும் போன தீபாவளி வரை அந்தப் பேரைச் சொன்னதே இல்லை. "பாப்பா" என்பாள். யாராவது உங்க பொண்ணா என்று கேட்டால், "எங்க அத்தை புள்ள" என்பாள். இரவில் காய்ச்சல் வந்தால் எழுந்து போய் அந்த மைலோ டின்னைத் தொட்டுவிட்டு வருவாள். தவிட்டில் வண்டு விழுந்து, மாவாகி, நாறத் தொடங்கிய பிறகும் எறிய விடவில்லை. அதைப் பற்றி நான் ஒரு கிண்டல்கூடச் செய்ததில்லை. எனக்கும் பயம்தான்.

போன தீபாவளிக்கு முன் அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த சமையல்கட்டில் பேச்சு மும்முரமாக இருந்தது. பின்பக்கம் கோழிகள் ஒரேயடியாகக் கொக்கரிக்க, எட்டிப் பார்த்தோம். முற்றத்தின் நடுவில் என் மகள். கையில் மைலோ டின். எப்போது நாற்காலி போட்டு ஏறி எடுத்துப் பையில் போட்டுக் கொண்டு வந்தாளோ, எனக்குப் பிறந்தது வேறு எப்படி இருக்கும்? டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கடைசித் தூளையும் தட்டிக்கொண்டிருந்தாள். நான்கு வருடம் காத்த தவிட்டைக் கோழிகள் போட்டி போட்டுக் கொத்தின.

"சரோஜா!" என்று அலறினாள் என் மனைவி.

இரண்டு தலைகள் திரும்பின. முற்றத்தில் என் மகள். அடுப்படியில், கரண்டியும் கையுமாக, "ஆங்?" என்று அத்தை.

அத்தை தன்னை அறியாமல் திரும்பியதற்கு வெட்கப்பட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு என் மனைவியின் வெளுத்த முகத்தைப் பார்த்தாள். "பயப்படாத பொண்ணு. குடுத்த வெலய என் கோழியே தின்னுடுச்சி. இனிமே அந்த யாவாரத்த யாராலயும் மாத்த முடியாது. அவ இருப்பா." என் மனைவி சிரித்தாள், அழுதாள், மறுபடியும் சிரித்தாள். அன்று முழுக்க ஒன்றுமில்லாததற்கெல்லாம் "சரோஜா, சரோஜா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறையும் அத்தையின் காது கொஞ்சம் அசைந்ததை நான் பார்த்தேன்.

நேற்று பட்டறையில் நட்டு வைக்க இடமில்லாமல், மறுபடியும் வீட்டு அலமாரி மேல் கையை நீட்டினேன்.

"இப்பதான் காலியா இருக்கே, எடுத்துக்கவா?"

"வைங்கலா அத. சரோஜாவோட டின்னு" என்றாள் என் மனைவி.

எந்தச் சரோஜாவுடையது என்று கேட்க வாயெடுத்தேன். கேட்காமல் டின்னை இருந்த இடத்திலேயே வைத்தேன்.