சாராள் அக்கா வீட்டுக்கு முறை வைக்காத நாங்கள்

சாராள் அக்காவை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுவரும் வியாகுலம், சனிக்கிழமை காலையில் என் முற்றத்தில் கூடையை இறக்காமலே, "சாரே, சாராளக்கா போயிட்டாவ. அறிஞ்சியளா?" என்று கேட்டாள். "எங்க போனாவ?" என்றேன். புரியாமல் இல்லை. புரிந்துகொள்ள மனம் வரவில்லை.

திருவிதாங்கூர் ராஜாங்கம் போய்த் திருக்கொச்சி வந்த வருஷம், அக்காவின் தம்பி தங்கையன் சித்தம் கலங்கி, பலாமரத்தடியில் சங்கிலியோடு கிடந்தான். ஊர் வேடிக்கை பார்த்தது. அக்கா சபைப் பெண்களிடம் போய், நாளுக்கு ஒருவராக முறை வைத்து அவன் பக்கத்தில் வந்து இருக்கச் சொன்னார். ஒரு நிபந்தனையும் வைத்தார். "கையில வேல கொண்டுட்டு வரணும். வெறுங்கையோட வந்தா வேடிக்க பாக்க வந்த மாதிரி ஆயிரும். நம்ம பாட்டுக்கு வேல செய்யணும். அவன்கிட்ட ஒண்ணும் கேக்கப்பிடாது." உடைக்கப் புளியும் சீவ மரச்சீனிக் கிழங்கும் முடைய ஓலையுமாகப் போய் உட்கார்ந்தார்கள். எட்டு மாதத்தில் சங்கிலி கழன்றது. சபை உபதேசியார் அதை அற்புதம் என்றார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எட்டு மாசம் வந்து இருந்தது யாரு?" என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்.

பிறகு அந்த முறை ஆறு வீடுகளுக்குப் பரவியது. ஆறாவது வீடு என்னுடையது.

வாந்திபேதியில் ஒரே வாரத்தில் மனைவியும் பிள்ளையும் போனபின், என்னைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்ப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். ஐந்து மாதம் கழித்துத் திரும்பியபோது பள்ளிக்கூடத்தில் வேலை இல்லை. வீட்டில் அண்ணன் கத்தி, அரிவாள், கயிறு எல்லாவற்றையும் ஒளித்து வைத்திருந்தான். அக்கா ஒரு சாக்கு மரச்சீனியோடு வந்து, எனக்கு எதிரே உட்கார்ந்து தோல் சீவினார். மறுநாள் இன்னொருவர் வந்தார். இப்படியே நாற்பது நாள். ஒருநாள் அக்கா தன் கத்தியை என் பக்கம் நீட்டி, "பிடியும் சாரே. எனக்கு ஒரு ஆளாச் செய்ய முடியல்ல," என்றார். வாசலில் நின்ற அண்ணன் ஒரு எட்டு உள்ளே வைத்தான். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அடுத்த கிழங்கைத் தேடிக்கொண்டிருந்தார். நான் சீவினேன். "தோலோட பாதிக் கிழங்கும் போவுது, கொஞ்சம் பாத்து," என்றார். அன்றுதான் நான் முதன்முதலாக அழுதேன்.

சென்ற வருஷம் தங்கையன் காய்ச்சலில் இறந்தான். மூன்றாம் நாளே அக்கா சாக்கைத் தூக்கிக்கொண்டு தன் முறைக்குப் போனார். "அவியளுக்கு என்ன, கல்லு மாதிரி ஆளு," என்று எல்லோரும் சொன்னோம். நானும்தான் சொன்னேன். ஆறு வீட்டுக்கு முறை வைத்தவர்களில் ஒருவருக்குக்கூட அக்கா வீட்டுக்கு ஒரு முறை வைக்கத் தோன்றவில்லை. இதை வாசிக்கும் உங்களில் பலரும் அதில் உண்டு.

சென்ற மாதம் அக்கா தன் முறைக்கு இரண்டு தடவை வரவில்லை. போய்ப் பார்த்தேன். பாயில் சுருண்டு கிடந்தார். தலை வாரி எத்தனை நாளோ, அடுப்பில் பழைய சாம்பல். இந்த நோயை உள்ளே இருந்து பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"கஞ்சி குடிச்சியளா அக்கா?"

அவர் என் கைகளைப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"குடிச்சேன். எனக்கு ஒண்ணுமில்ல சாரே. நீரு போவும்."

நான் கிளம்பிவிட்டேன். கையில் ஒரு ஓலைத்துண்டுகூட இல்லாமல் போயிருக்கிறேன். போனதும் போதாதென்று கேள்வியும் கேட்டிருக்கிறேன். என் வீட்டுக்கு நாற்பது நாள் முறை வைத்தவரின் வீட்டில் கால் நாழிகை உட்கார எனக்கு முடியவில்லை. பதினோராம் நாள் வியாகுலம் வந்து சொன்னாள். வைத்தியர் பலவீனம் என்றாராம். அந்தப் பலவீனம் என்னவென்று எனக்குத் தெரியும்.

கல்லறைத் தோட்டத்தில் ஒருவர், "இனி முறை எப்படி?" என்று கேட்டார். ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனோம். இரண்டு வீடுகளுக்கு இப்போதே ஆள் போவதில்லை. ஒரு வீட்டில் மறுபடியும் சங்கிலி போட்டுவிட்டதாகக் கேள்வி. இதெல்லாம் சரியாகிவிடும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அக்கா தந்ததில் என்னிடம் மிச்சம் இருப்பது என் புத்தி ஒன்றுதான். அது இப்போது நன்றாகத் தெளிந்திருக்கிறது. அதனால்தான் நான் செய்தது என்னவென்று எனக்கு முழுசாகத் தெரிகிறது.